தண்ணீர் நிற்காத இடம்

எங்கள் ஒழுங்கையின் கொங்கிறீட் வீதி இன்றைக்கும் எங்கள் வீட்டு வாசற்படியைவிட ஒரு முழம் உயரமாகத்தான் கிடக்கிறது. திறப்பு விழாவுக்கு நட்ட பெயர்க்கல்லும் முகப்பில் அப்படியே நிற்கிறது. எத்தனையோ மாரி வந்து போய்விட்டது, ஒரு வெள்ளமும் அந்தக் கல்லைத் தொடவில்லை. ஊருக்கு வரும்போதெல்லாம் அதைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்போது எனக்குப் பத்து வயது. வாவிக்கும் கடலுக்கும் நடுவில் நீளமாகக் கிடக்கிற ஊர் எங்களது. மேட்டில் பெய்கிற மழை முழுவதும் எங்கள் வேலியோரமாக வந்து, மணல் ஒழுங்கையைக் குறுக்கே அறுத்துக்கொண்டு வாவிக்குப் போய்விடும். மழை விட்டு அரை நாளில் ஈர மணல் மட்டும் மிஞ்சும். வீட்டுக்குள் ஒரு சொட்டு வந்ததில்லை. அது அம்மாவின் சீதன வீடு. எங்கள் பக்கம் வீடு பெண்பிள்ளைக்குத்தான். அம்மாவுக்குப் பிறகு எனக்கு என்பது நான் பிறந்த அன்றே முடிவான விஷயம்.

மாமா அம்மாவின் ஒரே அண்ணன். அந்த வீட்டில் பிறந்து, அந்தத் தண்ணீர் ஓட்டத்தில் காகிதக் கப்பல் விட்டு வளர்ந்தவர். கல்யாணம் முடித்து மாமியின் வீட்டுக்குப் போனார். அது அதே ஒழுங்கையின் கடைசி வீடு. கிராம அபிவிருத்திச் சங்கத்தின் தலைவரும் அவர்தான். பிரதேச சபைக்கு அலைந்து செருப்புத் தேய்ந்து இந்த வீதியைக் கொண்டுவந்தவர் அவர், அதை நான் மறுக்கமாட்டேன்.

அம்மா கேட்டது ஒன்றுதான். தண்ணீர் போக வீதிக்கு அடியில் ஒரு மதகு, முடியாவிட்டால் ஒரு பெரிய குழாய். மாமாவிடம் நாலு தடவை சொன்னார். "ஓம் ஓம், சொல்லுறன்" என்பார் மாமா. அம்மாவுக்கு அந்த ஓமில் நம்பிக்கை வரவில்லை. தண்ணீர் குறுக்கே போகிற இடத்தில் இந்தப் பக்கம் ஒரு கம்பும் அந்தப் பக்கம் ஒரு கம்பும் நட்டு, பழைய சிவப்புச் சேலையைக் கிழித்துக் கட்டிவிட்டார்.

சபையிலிருந்து அளக்க வந்தது ஆவணி மாதம், மழையின் வாசனையே இல்லாத காலம். அப்பா வவுணதீவுப் பக்கத்து வயல்வட்டைக்கு வெள்ளாமை வெட்டப் போயிருந்தார். அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்குப் போயிருந்தார். வீட்டில் நான் மட்டும். அளக்கிறவர் நாடாவை இழுத்துக்கொண்டு வந்து அம்மாவின் கம்படியில் நின்றார்.

"இதென்ன சிவப்புத் துணி?"

"சின்னப் பிள்ளையள் நட்டு விளையாடுறது, சேர்" என்றார் மாமா. அவர் பகிடி விடுகிறார் என்று நினைத்து நானும் சிரித்தேன். மாமா வேலிக்கு மேலால் என்னைப் பார்த்தார். "புள்ள, நீ சொல்லு. மாரி மழைக்கு இதில தண்ணி நிக்கிறதா?"

பெரிய மனிதர்கள் என்னிடம் ஒன்று கேட்பது அதுதான் முதல் தடவை. நிமிர்ந்து நின்றேன். "இல்ல மாமா, நிக்கிறல்ல. அது ஓடி..."

"கேட்டீங்கதானே, சேர். வீட்டுப் பிள்ளையே சொல்லுது" என்று மாமா சட்டைப் பையிலிருந்து ஒரு டொபியை எடுத்து, கடதாசியை உரித்து, என் வாய்க்குள் வைத்தார். அளக்கிறவர் ஏதோ எழுதிக்கொண்டு நடந்தார். மாமா ஒரு கம்பைப் பிடுங்கினார். மற்றதை நான் பிடுங்கிக் கொடுத்தேன்.

மதகும் வரவில்லை, குழாயும் வரவில்லை. மேளதாளத்தோடு வீதி திறந்தார்கள். கார்த்திகையில் மழை பிடித்தது. வந்த தண்ணீர் வீதியில் முட்டி, போக வழியில்லாமல் எங்கள் வளவுக்குள் திரும்பி, குசினிக்குள் ஏறி, அறைக்குள் ஏறி, அங்கேயே நின்றது. ஒன்பது நாள். குசினிச் சுவர் ஊறி விழுந்தது.

அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு சங்கக் கூட்டத்துக்குப் போனார். "மதகு எங்க, அண்ணன்?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார்.

"உன்ட மகளக் கேட்டுத்தானே எழுதினது. தண்ணி நிக்கிறல்ல எண்டு அவள்தான் சொன்னவள்" என்றார் மாமா.

கூட்டம் முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. நிலத்துக்குள் போய்விடலாம் போல இருந்தது.

"பத்து வயசுப் பிள்ளையக் கேட்டா றோட்டுப் போட்டநீங்க?" என்றார் அம்மா. செயலாளர் தெருவிளக்கு விஷயத்துக்குப் போய்விட்டார். வீட்டுக்கு வரும் வழியில் நான் விம்மி விம்மி அழுதேன். "நீ பொய் சொல்லல்ல" என்றார் அம்மா.

அன்றோடு அம்மா மாமாவோடு பேச்சை நிறுத்தினார். ஒவ்வொரு மாரிக்கும் வாசலில் மண் மூட்டை அடுக்கும்போது, இந்த வீட்டை என் வாயால்தான் மூழ்கடித்தேன் என்று நினைத்துக்கொள்வேன்.

படித்து வேலைக்குப் போன பிறகுதான், அந்த வீதிக்கு வேலை செய்த மேசன் ஒருவர் பேச்சோடு பேச்சாக எனக்குச் சொன்னார். ஒதுக்கிய சீமெந்து மட்டுமட்டுத்தானாம். மதகு கட்டியிருந்தால் வீதி மாமாவின் வாசலுக்கு நாலு வீடு முந்தியே நின்றிருக்குமாம். அந்தத் தண்ணீர் ஓடுகிற தண்ணீர் என்று மாமாவைவிட யாருக்குத் தெரியும்? ஓடுமா என்று கேட்டிருந்தால் ஓடும் என்றுதான் சொல்லியிருப்பேன். அதனால்தான் நிற்குமா என்று கேட்டார். நான் மிச்சத்தையும் சொல்லப் போனபோது வாயை டொபியால் அடைத்தார். பிறகு தான் செய்த வேலையை ஒரு பத்து வயதுப் பிள்ளையின் தலையில் கட்டிவிட்டு, தலைவர் கதிரையில் சாய்ந்து இருந்தார்.

இதெல்லாம் பதின்மூன்று வயதில் எனக்குத் தெரியாது. நான் பெரியபிள்ளையான சடங்குக்கு அம்மா மாமாவுக்குச் சொல்லவில்லை. தாய்மாமன் இல்லாமல் சடங்கா என்று சொந்தக்காரர் முணுமுணுத்தார்கள். என் பிழைக்கு மாமா தண்டனை அனுபவிக்கிறார் என்று நினைத்தேன். அடுத்த கிழமை, அம்மா சந்தைக்குப் போன நேரம், மிஞ்சிய பலகாரத்தை ஒரு தட்டில் மூடிக்கொண்டு மாமாவின் வீட்டுக்குப் போனேன்.

"நான் அண்டைக்கு அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது. மன்னிச்சிருங்க, மாமா."

மாமா தட்டை வாங்கினார். என் தலையைத் தடவினார்.

"பரவாயில்ல, புள்ள. சின்னப் பிள்ளதானே நீ."

கால் நனையாமல் அந்தக் கொங்கிறீட் வீதியால் நடந்து, மனம் லேசாகி, வீட்டுக்கு வந்தேன்.