பளபளவென்று ஒரு பெட்பேன்

எங்கள் வீட்டில் சாப்பிடும்போது நான் ஆஸ்பத்திரிக் கதை பேசக் கூடாது என்று ஒரு சட்டம் உண்டு. என் கணவர் போட்டது. அவருக்கு ரசம் ஊற்றிக்கொண்டே, "இன்னிக்கு அந்தப் பெரியவருக்கு அரை லிட்டர் மூத்திரம் போச்சு" என்று நான் சந்தோஷமாகச் சொன்ன அன்றைக்குப் போட்டது. அவர் மேல் தப்பில்லை. ஆனால் கிட்னி நின்றுபோனவர்களைப் பார்த்துக்கொள்கிற நர்ஸுக்கு அதைவிட நல்ல சேதி வேறு எது?

எண்பதுகளின் தொடக்கம். ரத்தத்தைச் சுத்தம் செய்கிற மிஷின் மெட்ராஸில்தான் இருந்தது. உத்திரமேரூரில் நான் வேலை பார்த்த சின்ன ஆஸ்பத்திரியில் இருந்தவர் ஓர் இளம் டாக்டர். அவர் படித்துவிட்டு வந்த முறை ஒன்று இருந்தது. தொப்புளுக்குக் கீழே சின்னத் துளை போட்டு டியூபைச் செருகி, மருந்துத் தண்ணீரை வயிற்றுக்குள் இறக்குவோம். கொஞ்ச நேரம் ஊறவிட்டு, கட்டிலுக்கு அடியில் உள்ள பாட்டிலில் வடியவிடுவோம். உடம்பில் தேங்கிய கழிவு அதோடு வந்துவிடும். மறுபடி இறக்க வேண்டும், மறுபடி வடிய விட வேண்டும். எவ்வளவு போனது, எவ்வளவு வந்தது என்று சார்ட்டில் எழுதுவது என் பொறுப்பு. என் சார்ட்டில் அடித்தல் திருத்தல் இருக்காது. அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

அறுவடைச் சமயத்தில் சாலவாக்கம் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். நெல் அறுக்கும்போது கண்ணாடி விரியன் கடித்திருந்தது. விஷமுறிவு ஊசியில் உயிர் தப்பியது, ஆனால் கிட்னி இரண்டும் நின்றுவிட்டன. முகம் வீங்கி, கண் இடுங்கி, கால் விரலில் மெட்டி தசைக்குள் புதைந்து கிடந்தது.

துணைக்கு இருந்தவள் அவளுடைய ஓரகத்தி, கணவனின் அண்ணன் மனைவி. ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு வைத்து, மூன்று வருஷமாகப் பேச்சில்லாமல் இருந்தவர்களாம். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "அப்புறம் எப்படி நீ வந்தே?" என்று கேட்டுவிட்டேன்.

"பாம்பு கடிச்ச அன்னிக்கே பேசிட்டோம் நர்சம்மா" என்றாள்.

எனக்கு அவளை அப்போதே பிடித்துப்போனது. பாட்டில் மாற்றும்போதெல்லாம் கூடவே நின்று பார்ப்பாள். "இன்னா நர்சம்மா, ஊத்தறீங்க, எடுக்கறீங்க, பானை அலசற மாதிரி கீது?" என்றாள். "அதேதான்மா" என்றேன். எங்கள் டாக்டர்கூட அவ்வளவு சுலபமாக யாருக்கும் விளக்கியதில்லை.

இரண்டு நாள் கழித்து, சீழ் பிடித்துவிடும் என்று டாக்டர் டியூபை எடுத்துவிட்டார். இனி கிட்னி தானாக விழிக்க வேண்டும். காலையும் மாலையும் டாக்டரோடு கட்டிலருகே போவேன். "ஏதாவது போச்சா?" என்று கேட்பேன். இரண்டு பெண்களும் தலையைக் குனிந்துகொள்வார்கள். ஓரகத்தி மட்டும் இல்லை என்று லேசாகத் தலையை ஆட்டுவாள். கட்டிலடியில் மூத்திரம் பிடிக்க வைத்த பெட்பேன் புதுப் பாத்திரம் மாதிரிப் பளபளக்கும். சார்ட்டில் சைபர் போடுவேன். இவ்வளவு சுத்தமான துணையாளை நான் பார்த்ததில்லை என்று மற்ற நர்ஸுகளிடம் பெருமை வேறு பேசினேன்.

மூன்றாம் நாள் டாக்டர் சார்ட்டைப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மறுபடி துளை போட வயிறு தாங்காது. மெட்ராஸுக்கு அனுப்பிடலாம். ஆனா இந்த உடம்போட இவ்வளவு தூரம்..." என்று நிறுத்திக்கொண்டார். வழியிலேயே உயிர் போய்விடலாம் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். மத்தியானத்துக்குள் அவள் புருஷன் எங்கிருந்தோ ஒரு காரைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டான். வாசலில் அதன் மேல் கையை வைத்தபடி அசையாமல் நின்றான்.

கிளம்பும் முன் அவள் கால்களைத் துடைத்துவிடலாம் என்று ஈரத்துணியோடு உட்கார்ந்தேன். பாதத்தைத் துடைத்தபோது மெட்டி கழன்று என் உள்ளங்கையில் விழுந்தது.

டியூபை எடுத்து மூன்று நாள். மூத்திரம் போகவில்லையென்றால் வீக்கம் ஏறியிருக்க வேண்டும். இவளுக்கு வடிந்திருக்கிறது. அந்தத் தண்ணீர் எங்கே போனது?

ஓரகத்தியை வராந்தா மூலைக்கு இழுத்துக்கொண்டு போனேன். "உண்மையைச் சொல்லு. அவ மூத்திரம் போறாளா?"

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "ரெண்டு நாளா போய்க்கினுதான் கீறா."

"கேட்டப்பெல்லாம் இல்லேன்னு தலையை ஆட்டினியேடி!"

"ஆம்பள டாக்டரை பக்கத்துல வெச்சிகினு கேட்டா இன்னான்னு சொல்றது? அதுவும் இல்லாம, அவளுக்குக் கஞ்சி ஊட்டற கை உங்க கை. அதுல போயி அதைக் குடுப்பேனா? வந்தவொடனே எடுத்துகினு போயி கொட்டிட்டு, சாம்பல் போட்டுத் தேய்ச்சி வெச்சிடுவேன்."

கத்தினேன். வார்டே எட்டிப் பார்க்கிற மாதிரிக் கத்தினேன். பாதியில் நானே நிறுத்திக்கொண்டேன். எடுத்து வைத்து என்னிடம் காட்டு என்று நான் ஒரு தடவைகூட அவளிடம் சொல்லவில்லை. கல்யாணம் ஆன, இந்த ஊரிலேயே வளர்ந்த பொம்பளை நான். ஒரு ஆண் பக்கத்தில் நிற்கும்போது எந்தப் பெண் வாயைத் திறப்பாள் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். சார்ட்டைப் பிடித்த கைக்குத்தான் மறந்துபோயிருந்தது.

டாக்டரிடம் ஓடினேன். "சொன்னா போதாது, நான் பார்க்கணும். ஒரு மணி நேரம் தர்றேன்" என்றார்.

எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்தேன். ஓரகத்தியை மட்டும் உள்ளே விட்டேன். தண்ணீர்ச் சத்தம் கேட்டால் மூத்திரம் வரும் என்று அவள் ஒரு சொம்புத் தண்ணீரை வாளியில் மெதுவாக ஊற்றுவதும் மறுபடி மொள்வதுமாக இருந்தாள். வெளியே நான் சுவரைப் பார்த்து நின்றேன். வாசலில் டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்தான். போய் அவனை அறைந்தால் என்ன என்று தோன்றியது.

திரை விலகியது. பெட்பேனை முந்தானையால் மூடி, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு ஓரகத்தி வந்தாள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டே என்னிடம் நீட்டினாள். நானும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

அளவு ஜாடியில் ஊற்றினேன். முந்நூறைத் தாண்டியது. டாக்டர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பிறகு வாசலுக்குப் போய்க் காரைத் திருப்பி அனுப்பினார். புருஷன் அங்கேயே படியில் உட்கார்ந்து அழுதான்.

என் சார்ட்டில் வரிசையாக இருந்த சைபர்களை ஒரு கோடு போட்டு அடித்தேன். மெட்டியில் கட்டுப் போடுகிற காஜ் துணியைக் கொஞ்சம் சுற்றி மறுபடி அவள் விரலில் போட்டுவிட்டேன்.

மறுநாள் காலை டியூட்டிக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. டாக்டர், வார்டு பாய், பார்க்க வந்த ஆண்கள் என்று நடை முழுக்க ஆட்கள். அந்தக் கோடியிலிருந்து ஓரகத்தி அளவு ஜாடியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, யாரையும் பொருட்படுத்தாமல் கத்தினாள்: "நர்சம்மா! நேத்தைக்கு மேல ரெண்டு விரக்கடை ஏறிக்கீது!"