முன்வரிசைப் புல்

மேனேஜரின் மேசைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மீன்தொட்டி இருந்தது. இரண்டடி நீளம், ஆறு மீன்கள், மேலே ஒரு டியூப்லைட். தொண்ணூறுகளில் மைசூரில் ஒரு கம்பெனியில் மூன்று வருடமாகத் தற்காலிக டைப்பிஸ்டாக இருந்தேன்.

மேனேஜருக்குப் பிளாஸ்டிக் செடி ஆகாது. உயிருள்ள செடிதான் வேண்டும், அதுவும் தொட்டியின் முன்பக்கத்தில் விரல் உயரத்துக்கு மேல் போகாத செடி. உயர்ந்து வளர்ந்தால் மீனை மறைத்துவிடுமாம். முதலில், கடைக்காரர் தண்ணீர்ச் செடி என்று சொல்லிக் கொடுத்ததை வைத்தார். அது தரையில் வளர்கிற ஜாதி, பத்து நாளில் அழுகிப்போனது. அடுத்து வைத்த பாசி கல்லையெல்லாம் மூடிக்கொண்டது. கடைசியில் பெங்களூரிலிருந்து முடி மாதிரி மெல்லிய ஒரு புல்லை வாங்கி வந்து, ஆபீஸ் வேலை அப்படியே கிடக்க, இடுக்கியால் நாலு நாலு தாளாக மணலில் நட்டார். கையெழுத்து வாங்கப் போன நான் அரை மணி நேரம் நின்றேன். மறுநாள் மகள் கல்யாணத்துக்காகப் பன்னிரண்டு நாள் லீவில் கிளம்பினார். தொட்டி உன் பொறுப்பு, திரும்பி வந்ததும் உன்னை நிரந்தரமாக்கச் சொல்லி எழுதுகிறேன் என்று இரண்டையும் ஒரே மூச்சில் கன்னடத்தில் சொல்லிவிட்டுப் போனார். ஒன்று கெட்டால் மற்றதும் கெடும் என்றுதான் எனக்குக் கேட்டது. வீட்டில் சம்பாதிப்பவள் நான் ஒருத்திதான்.

ஐந்தாம் நாள் புல் மஞ்சளடித்தது. எட்டாம் நாள் நுனியெல்லாம் கூழாகித் தண்ணீரில் மிதந்தது. விளக்கைக் கூடுதலாக எரியவிட்டேன், தண்ணீரை மாற்றினேன். ஒன்றுக்கும் அசையவில்லை.

ஆபீஸைப் பெருக்கித் துடைக்க ஒரு அக்கா வருவார். மாதேஸ்வரன் மலைக்குப் போகிற வழியில் ஹனூர்ப் பக்கம், என்னைவிட நாலைந்து வயது பெரியவர். நான் படும் பாட்டைப் பார்த்துவிட்டுத் தொட்டியை எட்டிப் பார்த்தார். "இந்தப் புல்லுங்களா? எங்கூரு வாய்க்கால்ல வேணுங்கற மட்டும் கெடக்குதுங்க அம்மிணி" என்றார். சனிக்கிழமை ஊருக்குப் போனவர், திங்கட்கிழமை காலையில் ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தே விட்டார். கொடுக்கும்போது ஒரு வார்த்தையும் சொன்னார்.

"மேல வயல்ல பூச்சி மருந்து அடிச்சிருக்கறாங்க. ரெண்டு மூணு நாளு பக்கெட்டுல போட்டு, தண்ணிய மாத்தி மாத்தி அலசிப்போட்டு அப்பறம் நடுங்க."

மேனேஜர் வருவது செவ்வாய்க்கிழமை. நான் மூன்று நாளுக்கு எங்கே போவேன்? குழாயடியில் இரண்டு தரம் அலசினேன். அழுகியதைப் பிடுங்கி எறிந்துவிட்டு அன்று மத்தியானமே நட்டேன். பக்கெட்டைப் பிடித்துக்கொண்டிருந்த அக்கா, "கொஞ்சம் பொறுத்தா ஆகாதுங்களா?" என்று கேட்டார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நட்டு முடித்தபோது முன்பக்கம் பச்சைப் பாய் விரித்தது போலிருந்தது. எனக்கு என்மேலேயே பெருமை வேறு.

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மீனும் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. நான் பார்ப்பதற்கு முன்பே மேனேஜர் பார்த்துவிட்டார். கையில் கல்யாண லட்டுப் பெட்டி. "யார் மாடித்து இது?" என்று எங்கள் ஐந்து பேரையும் நிறுத்திக் கேட்டார். யார் செய்தது என்று கேட்கிறார்; செய்தவள் நான். அக்கவுண்டண்ட் மெதுவாக, பினாயில் வாளியை அங்கேதான் வைக்கிறாள் என்றார். எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சலும் இல்லை, மிரட்டலும் இல்லை. நான் தரையைப் பார்த்தேன். "கொத்தில்ல சார், எனக்குத் தெரியாது" என்று மட்டும் அக்கா சொன்னார். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார் மேனேஜர். துடைப்பத்தை வழக்கமான மூலையில் சாத்திவிட்டு அவர் படியிறங்கினார். ஓடிப்போய்க் கூப்பிட்டிருக்கலாம். நான் மெஷினில் பேப்பரைச் சொருகினேன். அடுத்த மாதம் எனக்கு நிரந்தர வேலைக்கான ஆர்டர் வந்தது.

பிற்பாடு நானே ஒரு தொட்டி வைத்தபோதுதான் தெரிந்தது. தண்ணீருக்கு வெளியே வளர்த்த புல்லை உள்ளே நட்டால் பழைய இலை அழுகி உதிரும், பிறகு வேரிலிருந்து தண்ணீருக்கேற்ற புது இலை வரும். வேரைத் தொடாமல் விட்டிருந்தாலே போதும்.

அக்கா போய் எட்டு ஒன்பது வருடம் கழித்து, குழந்தைக்கு மொட்டையடிக்க மாதேஸ்வரன் மலைக்குப் போயிருந்தோம். பஸ் நிற்கிற இடத்தில் தேங்காய், பூக்கடை. கடையில் அக்கா. அவர்தான் முதலில் அடையாளம் கண்டு கூப்பிட்டார். குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டு, "வேலை நெரந்தரம் ஆயிருச்சுங்களா?" என்று கேட்டார்.

"ஆயிடுச்சுக்கா" என்றேன். அதற்கு மேல் அடக்க முடியவில்லை. "அன்னைக்கு நீங்க உண்மைய சொல்லியிருக்கலாமே அக்கா. நான்தான் பாவி, நீங்க ஏன் சும்மா இருந்தீங்க?"

அக்காவுக்குக் கோபமே இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நாஞ் சொன்னா கோள் சொன்ன மாதிரி ஆயிரும், உங்க வேலையும் போயிருமுங்க. நீங்களே சொன்னா அவரு ரெண்டு திட்டு திட்டிட்டு உட்ருவாரு. எப்படியும் நீங்க சொல்லிருவீங்கன்னுதான் உங்களையே பாத்துட்டு நின்னேன் அம்மிணி."