அத்தையின் வெறும் கம்ப்யூட்டர்

சூடேறிய மானிட்டரின் முதுகிலிருந்து ஒரு தூசி வாசனை வரும். கொஞ்சம் கருகல், கொஞ்சம் புதுமழை. சென்ற வாரம் ஒரு ரிப்பேர் கடை வாசலில் அது முகத்தில் அடித்தது. கடைக்காரர் என்னவோ கேட்டார். நான் அதற்குள் மனதால் பழைய தம்பானூருக்குப் போய்விட்டிருந்தேன். லாட்ஜுக்கு மேலே ஒரு மாடியறை, இரண்டு கம்ப்யூட்டர், ஒரு மின்விசிறி.

இரண்டாயிரங்களின் தொடக்க வருடங்கள். கம்பெனி என்றால் நானும் அவளும்தான். கிழக்கேகோட்டை அக்ரகாரத்துப் பெண். வயதில் எனக்கு இளையவள், நிரல் எழுதுவதில் மூத்தவள். வித்துராவில் மிளகு வாங்கும் வியாபாரி ஒருவர் எடைப் பதிவுக்கு மென்பொருள் கேட்டிருந்தார். கடையில் விண்டோஸ், மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் நாங்களே போட்டுக்கொடுத்த லினக்ஸ். இரண்டிலும் அதே மென்பொருள் ஓட வேண்டும். மறுநாள் காலை காட்டவேண்டும். ஓடினால் கம்பெனி உண்டு. ஓடாவிட்டால் அவள் பெங்களூர் போய்விடுவாள். அங்கே வேலை தயார். ஆனால் அவர்களுக்கு அன்று மாலைக்குள்ளேயே பதில் சொல்லவேண்டும்.

பத்திரிகையோடு வந்த சிடிகளிலிருந்தும், டெலிபோன் கம்பி வழியே சொட்டுச் சொட்டாக இறக்கியும் கருவிகளைச் சேர்த்திருந்தோம். கம்பைலர் ஒன்று. திரையில் ஜன்னலும் பொத்தானும் வரைந்துதரும் நூலகம் ஒன்று. எழுதியவர்கள் யாரோ, எந்தக் கடலுக்கு அப்பாலோ. உள்ளே எல்லாம் திறந்து கிடந்தது, யாரும் புகுந்து பார்க்கலாம். ஒரே நிரல், இந்தத் திரையில் ஒரு ஜன்னல், அந்தத் திரையில் ஒரு ஜன்னல். இரண்டும் திறந்தபோது நான் நாற்காலிமேல் ஏறி நின்றேன்.

“இறங்குங்கோ அண்ணா,” என்றாள். “இது நம்ம மெஷின். வேண்டியதெல்லாம் இதுக்குள்ளயே இருக்கு, அதான் ஓடறது. வித்துராக் கடையில அதொண்ணும் இல்லையே?”

இறங்கினேன். ஒன்றுமே போடாத ஒரு விண்டோஸ் மெஷினில் ஓட்டிப் பார்க்காமல் பஸ் ஏற முடியாது. ஆனால் ஊரில் வெறும் கம்ப்யூட்டருக்கு எங்கே போக? நெட் சென்டர்களில் எல்லாம் பிள்ளைகள் கண்டதையும் ஏற்றி வைத்திருந்தார்கள்.

“எங்க அத்தையாத்துல ஒண்ணு இருக்கு. சீட்டு விளையாடறதைத் தவிர அவளுக்கு அதுல வேற கார்யம் இல்லை.”

அத்தையின் மகன் வெளிநாட்டிலிருந்து வாங்கிக்கொடுத்த கம்ப்யூட்டர். பூத்தையல் போட்ட துணி மூடியிருந்தது.

“கால் அலம்பிண்டு வாங்கோ,” என்றாள் அத்தை. “அதுல புதுசா எதையும் போடப்படாது, கேட்டேளா? என் சீட்டு போயிடும்.”

“ஒண்ணும் போடாம ஓடுதான்னு பாக்கத்தான் மாமி வந்திருக்கோம்.”

“நன்னா இருக்கே கதை!”

ஃப்ளாப்பியிலிருந்து ஓட்டினோம். ஜன்னல் திறக்கவில்லை. ஒரு சின்னப் பெட்டி குதித்தது.

“என்னமோ ஃபைல் காணும்ங்கறது,” அத்தைதான் முதலில் வாசித்தாள்.

நூலகத்தின் கோப்பு. எங்கள் மெஷினில் அது எப்போதும் இருந்ததால் இப்படி ஒன்று வேண்டும் என்றே தோன்றியிருக்கவில்லை. தம்பானூருக்கு ஓடினேன். ஒரு ஃப்ளாப்பியில் அந்த ஒன்றுக்குத்தான் இடம். திரும்பி வந்து, தனியாக ஒரு ஃபோல்டரில் நிரலோடு சேர்த்து வைத்து ஓட்டினால் இன்னொன்று காணோம் என்றது. மறுபடி ஓட்டம். மூன்றாவதாகவும் ஒன்று. ஒரு தடவைக்கு ஒன்றுதான் கேட்கும், கல்யாண வீட்டுச் சமையல்காரர் மாதிரி.

“ரசம் வைக்க வந்துட்டு, புளிக்கு ஒரு தரம், பெருங்காயத்துக்கு ஒரு தரம்னு கடைக்கு ஓடறேளே! லிஸ்ட் எழுதிண்டு வரப்படாதோ?”

“மாமி, எது இல்லைன்னு அதுவா சொன்னாத்தானே எங்களுக்கே தெரியும்.”

“அப்போ நீங்க எழுதினதுல என்ன இருக்குன்னு உங்களுக்கே தெரியாதா?”

என் கூட்டாளி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான்காவது தடவை, சாம்பல் நிறத்தில், பொத்தான்கள் வரிசையாக, ஜன்னல் திறந்தது. இந்தத் தடவை ஏறி நிற்க நாற்காலி இல்லை. அதில் அத்தை உட்கார்ந்திருந்தாள். எங்களைக் கேளாமலே மூன்று கிலோ மிளகை ஏதோ ஒரு பெயரில் பதிந்தாள். பதிந்தது.

“இனி என் சீட்டைக் காட்டு,” என்றாள். சீட்டும் பத்திரமாக இருந்தது.

பஸ் ஸ்டாப்பை ஒட்டி எஸ்.டி.டி. பூத். பெங்களூருக்குப் பதில் சொல்ல அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கண்ணாடிக்குப் பின்னே முதுகு மட்டும் தெரிந்தது. போகாதே என்று நான் அதுவரை சொன்னதில்லை. சொல்ல என்ன உரிமை? வெளியே வந்தவளின் முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. வீட்டுக்குப் போகும் என் பஸ் வந்துவிட்டது. படியில் கால் வைத்தேன்.

“நாளைக்கு ஆறரை வண்டி, மறந்துடாதேங்கோ. அங்க முதல்ல நீங்க பேசுங்கோ அண்ணா. பெங்களூருக்கு வரலைன்னு சொன்ன நடுக்கம் எனக்கு இன்னும் போகலை.”