முன்சீட்டு

எட்டிக் கையை நீட்டி, காலியாக இருந்த பக்கத்து இருக்கையின் மேல் பெல்ட்டை இழுத்து மாட்டினாள். கீச் கீச்சென்று அடித்துக்கொண்டிருந்த சத்தம் நின்றது. ஆளில்லாத இருக்கையில் ஆள் இருப்பதாக நினைத்து வண்டி கத்துவது மூன்று வருடமாக நடக்கிறது. ஏதோ ஒயர் பழுது. அரை மணி நேர வேலை என்று பட்டறைக்காரர் சொன்னார். அவள் வேண்டாம் என்றுவிட்டாள்.

பின்னால் ஆறு பேரும் ஏறியாகிவிட்டது. ஆறு பேருக்கும் சிறுநீரகம் கைவிட்டிருந்தது. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்துக்கு மூன்று நாள் மலையிலிருந்து இறங்கி, நகரத்து மருத்துவமனையில் நான்கு மணி நேரம் டயாலிசிஸ் எந்திரத்தோடு படுத்திருந்துவிட்டு மறுபடி மலையேற வேண்டும். பதினோரு வருடமாக அந்த வேனை ஓட்டுகிறவள் அவள். பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைந்துபோய், வண்டிக்காரம்மா என்பதே பெயராக நின்றுவிட்டது.

"கடவுளுக்கு பெல்ட் போட்டாச்சா?" என்று இரண்டாவது வரிசையிலிருந்து கணக்கு வாத்தியார் கேட்டார். நடை தவறாமல் கேட்கிற கேள்வி. அவருக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது; அவளைச் சீண்டாமல் ஒரு பயணம் தொடங்கியதும் கிடையாது. ஆனால் இன்று கேள்வியின் நடுவில் மூச்சு அறுந்து, பிறகு ஒட்டிக்கொண்டது. அவள் கண்ணாடியில் பார்த்தாள். அவர் முகம் ஊதியிருந்தது. கால்கள் செருப்புக்குள் போகாததால் செருப்பை மடியில் வைத்திருந்தார்.

அவர் செய்தது அந்த ஆறு பேரில் யாரும் செய்யக்கூடிய தப்பு. ஒரு நாளைக்கு இத்தனை டம்ளர் தண்ணீர்தான் என்று அவர்களுக்கு அளவு உண்டு. எந்திரத்துக்குப் போவதற்கு முந்தின மாலை மட்டும் கை கொஞ்சம் தாராளமாகும். விடிந்தால் எந்திரம் எடுத்துவிடும் என்ற தைரியம். திங்கட்கிழமை மாலை வாத்தியார் இரண்டு டம்ளர் கூடுதலாகக் குடித்தார். அன்றிரவு மழையில் மலைச்சாலை சரிந்தது. செவ்வாய்க்கிழமை வண்டி போகவில்லை. குடித்ததெல்லாம் அவருக்குள்ளேயே தங்கிவிட்டது. நாற்பது வருடம் ஊருக்கே கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் ரெண்டு டம்ளரில் கோட்டைவிட்டார் என்று பக்கத்தில் இருந்த மீன்கடைக்காரி சொன்னாள். சொல்லிக்கொண்டே அவர் முதுகைத் தடவிவிட்டாள்.

காலையில் நர்ஸ் போன் செய்திருந்தாள். மத்தியானம் ஒரு மணிக்குள் கொண்டுவர வேண்டும், அதற்கு மேல் அவர் நுரையீரல் தாங்காது என்றாள். ஆம்புலன்ஸ் சரிவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தது. மிச்சம் இருந்தது பழைய கல்குவாரிப் பாதை ஒன்றுதான். இருமடங்கு தூரம், தார் கிடையாது, நடுவில் ஒரு ஓடை. பதினோரு வருடத்தில் வண்டி தவறிய நாள் அந்த ஒரு செவ்வாய்தான். அது அவளுக்குப் பல்லில் மாட்டிய நாராக இருந்தது. புதன்கிழமை காலை ஏழு மணிக்கு வண்டியைக் குவாரிப் பக்கம் திருப்பினாள்.

அவள் வண்டி ஓட்டக் கற்றதே புருஷனுக்காக. அவரும் இதே எந்திரத்துக்குப் போய்வந்தவர். லைசென்ஸ் ஆபீசில் மூன்று முறை தோற்றாள். வீட்டில் ஆம்பளை யாரும் இல்லையா என்று அங்கே ஒருவர் கேட்டார். "இருக்காரு. அவரைக் கூட்டிட்டுப் போகத்தான் கேக்கறேன்" என்றாள். நாலாவது முறை கொடுத்தார்கள். பிறகு கட்டிலில் கிடந்த இன்னும் ஐந்து பேரை வீடு வீடாகப் போய் ஏற்றிக்கொண்டாள். புருஷன் முன்சீட்டில் உட்கார்ந்து, வளைவுக்கு வளைவு மூச்சைப் பிடித்துக்கொண்டு வருவார். இறங்கும்போது, "இன்னைக்கும் பொழைச்சேன், உன்கிட்டேர்ந்து" என்பார்.

ஆறாவது வருடம் ஒரு வியாழக்கிழமை மாலை அவர் போய்ச்சேர்ந்தார். சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு வண்டி வழக்கமான இடத்தில் நின்றது. அன்று முதல் வளைவில் பழக்கதோஷத்தில் இடப்பக்கம் பார்த்தாள். இருக்கை காலியாக இருந்தது. வண்டியை ஓரங்கட்டி, வாய்க்குள்ளேயே கடவுளிடம் சொன்னாள்: என்னால் இந்த வளைவெல்லாம் தனியாக முடியாது, கூட வருவதானால் இங்கே உட்கார். அவள் செய்த பிரார்த்தனை அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஐந்து வருடம் அந்த இருக்கையில் யாரையும் உட்காரவிடவில்லை. காலையில் வண்டியைத் துடைக்கும்போது அதைத்தான் முதலில் துடைப்பாள். செத்துப்போன புருஷனுக்கு வைத்திருக்கிறாள் என்று சிலர் நினைத்தார்கள். அவள் திருத்தவில்லை.

குவாரிப் பாதையில் இரண்டு மணி நேரம் போனதும் வாத்தியார் சீண்டுவதை நிறுத்தினார். மீன்கடைக்காரி முன்னால் குனிந்து, வண்டியை நிறுத்தச் சொன்னாள். வாத்தியாரால் சாய முடியவில்லை, நேராக உட்கார இடமில்லை. பின்வரிசைக் கண்ணாடிகள் திறக்காதவை. உதடு நிறம் மாறத் தொடங்கியிருந்தது.

அவள் இறங்கி, முன்கதவைத் திறந்து, பெல்ட்டைக் கழற்றினாள். வண்டி கத்தியது.

"முன்னாடி வாங்க சார்."

வாத்தியார் தலையை ஆட்டினார். "வேண்டாம்மா. நீ... அஞ்சு வருஷமா காப்பாத்தின எடம்."

"சும்மா ஏறுங்க."

"நான் சும்மாதான் கிண்டல் பண்ணுவேன். அது அவரு சீட்டு."

"பஸ்ல முடியாதவங்களுக்கு எழுந்து எடம் குடுக்கத் தெரியாதவரையா நான் இத்தனை நாளா பக்கத்துல வெச்சிருக்கேன்?" என்றாள். "ஏறுங்க."

ஏறினார். கண்ணாடியை முழுக்க இறக்கி, முதுகுக்குப் பின்னால் தன் சால்வையைச் சுருட்டி வைத்தாள். பெல்ட்டை மாட்டினாள். சத்தம் நின்றது. காற்று முகத்தில் பட்டதும் அவருக்கு மூச்சு கொஞ்சம் நீளமானது.

ஓடை நினைத்ததைவிட அகலமாக இருந்தது. செருப்பைக் கழற்றி, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு கம்போடு தண்ணீரில் இறங்கினாள். எதிர்க்கரை வரை நடந்து, எங்கே கல், எங்கே சேறு என்று காலால் பார்த்துவிட்டு வந்தாள். முழங்காலுக்கு மேல் ஏறவில்லை. திரும்பி வரும்போது கண்ணாடிக்குப் பின்னால் ஆறு முகங்கள் தெரிந்தன. யாரும் கண்ணை மூடிக் கும்பிடவில்லை. எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தைரியம் கேட்டு வாங்குகிற இடம் தான்தான் என்று அவளுக்கு அப்போது புரிந்தது. பயந்த முகத்தோடு வண்டியில் ஏற முடியாது. அப்படி அவள் ஏறவில்லை.

முதல் கியரில், ஒரே வேகத்தில், நிறுத்தாமல் இறக்கினாள். நடுவில் பின்சக்கரம் ஒரு முறை வழுக்கியது. பழக்கதோஷத்தில் இடப்பக்கம் பார்த்தாள். வாத்தியார் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். அங்கே உட்கார்ந்திருந்தவர் எங்கே போனார் என்று அவளுக்குத் தேடத் தோன்றவில்லை. வண்டிக்குள்தான் எங்கேயோ இருந்தார். சக்கரம் பிடித்துக்கொண்டது. எதிர்க்கரை ஏறியதும் பின்னால் மீன்கடைக்காரி கைதட்டினாள். ஒரு கை எந்திரத்தின் ஊசி ஏறுகிற கை, அதைத் தட்டக்கூடாது; அதனால் மற்ற கையால் தொடையில் தட்டினாள்.

பன்னிரண்டு நாற்பதுக்கு மருத்துவமனை வாசலில் நின்றார்கள். நர்ஸ் சக்கர நாற்காலியோடு ஓடிவந்தாள். எந்தப் பாதையில் வந்தீர்கள் என்று கேட்டாள். மீன்கடைக்காரி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "பாதையைக் கேக்காதே. யாரு கொண்டுவந்தாங்கன்னு கேளு" என்றாள்.

நாற்காலியில் உட்கார்ந்ததும் வாத்தியார் வண்டிக்காரம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தார். பேச மூச்சு இல்லை. ஒரு விரலால் முன்சீட்டைக் காட்டி, தலையை ஒரு முறை அசைத்தார். உள்ளே கொண்டுபோனார்கள்.

வருகைப் பதிவேட்டில் வண்டி எண்ணுக்கு நேரே, எத்தனை பேர் என்ற கட்டத்தில், ஆறு என்று எழுதி, கீழே தன் கையெழுத்தை எப்போதையும்விடப் பெரிதாகப் போட்டாள்.

அன்று மாலைக்குள் ஆறு பேருக்கும் எந்திரம் முடிந்தது. இரவு எல்லோரும் மருத்துவமனைக் கூடத்திலேயே தங்கினார்கள். மறுநாள் வியாழக்கிழமை காலையில் அவள் வளாகத்துக் குழாயடியில் வண்டியைக் கழுவினாள். சேறு போக ஒரு மணி நேரம் ஆயிற்று. பின்சக்கரத்தில் ஒரு வெட்டு இருந்தது. மாற்று டயரைப் போட்டாள். வாத்தியாருக்கு இன்னொரு இரண்டு மணி நேரம் எந்திரம் வைத்தார்கள். மத்தியானம் டாக்டர் போகலாம் என்றார். இரண்டு மணிக்கு மலைச்சாலை திறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. இரண்டரைக்குக் கிளம்பினார்கள். வாத்தியார் முன்னால் உட்கார்ந்து பெல்ட்டைத் தானே மாட்டிக்கொண்டார். வழியில் பாதிப் பேர் தூங்கினார்கள். ஐந்தே முக்காலுக்கு மேலே வந்து, ஒவ்வொருவரையும் அவரவர் வாசலில் இறக்கிவிட்டாள். சனிக்கிழமை காலை ஆறு மணி என்று எல்லோருக்கும் சொன்னாள்.