அழிக்கச் சொன்ன கிளை

உங்கள் பிள்ளை பாடத்தைக் கடகடவென்று ஒப்பித்தால் பூரித்துப்போகிறீர்களே, அதே பாடத்தை வைத்து உங்களையே கேள்வி கேட்டால் பொறுத்துக்கொள்வீர்களா?

எனக்குத் தெரிந்த ஓர் அறிவியல் டீச்சர் இருந்தார். ஒப்பந்த ஆசிரியை. ஆண்டு முடிவில் தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த ஆண்டும் வேலை. கணவர் பட்டறையில் விரல்கள் நசுங்கி வீட்டில் கிடந்ததால், அந்தக் கையெழுத்தில்தான் அடுப்பே எரிந்தது.

பிள்ளைகளைக் கிளிப்பிள்ளைகளாக்குவது டீச்சருக்கு ஆகாது. பாடம் முடிந்ததும் மன வரைபடம் போடச் சொல்வார். தாளின் நடுவில் ஒரு சொல். அதிலிருந்து கிளைகள், கிளை நுனியில் அவரவருக்குத் தோன்றும் அடுத்த சொல், ஒரு சின்னப் படம். பக்கத்துத் தாளைப் பார்த்துப் போட்டால் மதிப்பெண் கிடையாது.

அந்த வாரம் வகுப்பில் பாதிப் பேர் வயிற்றுப்போக்கோடு வீட்டில் இருந்தார்கள். அதையே நடுச்சொல்லாக்கினார். எல்லோருடைய கிளைகளும் ஈ, சாக்கடை, கழுவாத கை என்று நின்றன. குத்திக் குத்திக் கேள்வி கேட்பதால் ‘ஊசி’ என்று ஆசிரியர்கள் பட்டப்பெயர் வைத்திருந்த ஒரு சிறுமியின் கிளை மட்டும் நிற்கவில்லை: தண்ணீர், பள்ளிக் குழாய், மாடித் தொட்டி, மூடி இல்லை. நுனியில் ஒரு செத்த புறா.

தாள்களை வகுப்புச் சுவரில் ஒட்டினார்கள். மறுநாள் கல்வி அதிகாரியின் ஆய்வு. அன்று மாலையே சுவர்களைச் சரிபார்க்க வந்த தலைமையாசிரியர் அந்தத் தாளின் முன் நின்றுவிட்டார்.

“அந்த ஒரு கிளைய மட்டும் அழிச்சிடுங்க டீச்சர். மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கு.”

“தொட்டியக் கழுவிடுங்க சார், நானே அழிச்சிடறேன்.”

“உங்க வீட்டு நெலம எனக்குத் தெரியும். நான் இன்னும் கையெழுத்துப் போடல, ஞாபகம் இருக்கட்டும்.”

வீட்டில் கணவரும், ஊர் வம்பு நமக்கெதுக்கு, அழித்துவிடு என்றார். டீச்சரும் அழித்துவிடுவதாகத்தான் இருந்தார். காலையில் தன் பாட்டிலில் தண்ணீர் பிடிக்கும்போதுதான் கை நின்றது. வீட்டுத் தண்ணீர். பள்ளியில் எந்த ஆசிரியரும் குழாய்த் தண்ணீர் குடிப்பதில்லை. தலைமையாசிரியர் மேசையிலும் ஒரு பாட்டில் நிற்கும். பெரியவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒரு சிறுமி மட்டும் அதை வரைந்துவிட்டாள்.

ஆய்வு அதிகாரி சுவரைப் படித்துக்கொண்டே வந்து புறாவிடம் நின்றார். யார் வரைந்தது என்றார். ஊசி எழுந்தாள். தலைமையாசிரியர் சிரித்தார்.

“சின்னப் புள்ள கற்பனை சார். படம் போடச் சொன்னா இப்படித்தான்.”

டீச்சர் வெளியே போனார். குழாயில் ஒரு டம்ளர் பிடித்துவந்து தலைமையாசிரியர் முன் வைத்தார்.

“கற்பனைதானே சார்? ஒரு வாய் குடிங்க.”

வகுப்பே டம்ளரைப் பார்த்தது. தலைமையாசிரியர் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். கை டம்ளர் பக்கம் போகவேயில்லை. அதிகாரி மாடிப்படி ஏறினார்.

அந்த வாரமே தொட்டி கழுவி மூடி போட்டார்கள். டீச்சருக்குக் கையெழுத்து வரவில்லை. ஒழுங்கீனம் என்று காரணம் சொன்னார்களாம். இப்போது ஒரு துணிக்கடையில் நாள் முழுக்க நின்றபடி வேலை பார்க்கிறார். சிந்திக்கக் கற்றுக்கொடுத்ததற்கு இந்தச் சமூகம் கொடுத்த கூலி அது.

நீங்கள் ஒன்று செய்யுங்கள். இன்று உங்கள் பிள்ளையிடம் ஒரு வெற்றுத் தாளைக் கொடுத்து, நடுவில் ‘என் பள்ளி’ என்று எழுதச் சொல்லுங்கள். கிளை எங்கே போனாலும் ரப்பரை நீட்டாதீர்கள். அது தொட்டிவரை போனால், நீங்களும் மாடி ஏறிப் பாருங்கள்.