ஓர் ஆள் இடம்

கல்யாண வீடுகளில் நான் அதிகம் சொன்ன வாக்கியம் "ஒரு ஆள் எடம் விட்டு நில்லுங்க" என்பதுதான். பெண்ணுக்கோ மாப்பிள்ளைக்கோ நெருங்கிய யாராவது இறந்துபோயிருந்தால், குடும்பப் படத்தில் அவர் நிற்கவேண்டிய இடத்தைக் காலியாக விடச் சொல்லிப் படமெடுப்பேன். பிறகு எங்கள் ஸ்டுடியோவில் அக்கா ஏதாவது பழைய படத்திலிருந்து அவரைப் பிரித்தெடுத்து அங்கே நிறுத்திவிடுவார்.

அக்கா எனக்கு உடன்பிறந்தவர் இல்லை. இருபது வருடம் ஒரே அறையில் ஒரே மின்விசிறிக்குச் சண்டை போட்டதில் வந்த உறவு. வாடிக்கையாளர்களுக்கு அவர் 'டச்சப் அக்கா'. அவர் கொண்டுவந்து நிறுத்தும் இறந்துபோனவர், படம் பிடிக்கிற நேரத்துக்கு அவசரமாக ஓடி வந்து சேர்ந்தவர் மாதிரியே இருப்பார். நிழல் விழும் பக்கம் ஒருநாளும் தப்பாது.

அக்காவின் தாடையில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு தழும்பு. புருஷன் தலைமுடியைப் பிடித்துக் கதவில் மோதியது. தன்னுடைய எந்தப் படத்திலும் முதல் வேலையாக அதை அழித்துவிடுவார். மகளுக்கு மூன்று வயதாக இருக்கும்போது அந்த ஆள் லாரியில் அடிபட்டுப் போய்ச்சேர்ந்தான். மகள் வளர்ந்து தழும்பைப் பற்றிக் கேட்டபோது, குழாயடியில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னார். அப்பா தங்கமான மனுஷன் என்றும் சொல்லிவைத்தார். அப்பன் இல்லாத பிள்ளைக்கு நல்ல அப்பன் என்ற நினைப்பாவது மிஞ்சட்டுமே என்று நினைத்தார். உண்மையை என்னிடம் மட்டும் ஒருநாள் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

மகளின் கல்யாணத்துக்கும் நான்தான் கேமரா. குடும்பப் படத்துக்கு எல்லோரும் நின்றார்கள்.

"அம்மா, கொஞ்சம் தள்ளி நில்லு. அப்பாவுக்கு எடம் விடணும்ல?" என்றாள் மகள்.

அக்கா என்னைப் பார்த்தார். நான் கேமராவுக்குள் முகத்தை விட்டுக்கொண்டேன். வழக்கமான வாக்கியம் என் வாயில் வரவில்லை. தேவையும் இருக்கவில்லை. அக்காவே அளந்த மாதிரி ஓர் ஆள் இடம் நகர்ந்துகொண்டார்.

"அப்பா உன் தோள்ல கை போட்டிருக்கற மாதிரி பண்ணிடும்மா."

அவன் வேலைக்குப் போன இடத்து அடையாள அட்டைப் படம் ஒன்றுதான் இருந்தது. அதில் ஏது கை? மறுநாள் அக்கா ஸ்டுடியோவில் என்னை நிற்கவைத்து, நாற்காலியின் முதுகில் கையை வைக்கச் சொல்லிப் படமெடுத்தார்.

"முடியாதுன்னு சொல்லுக்கா. கம்ப்யூட்டர் ரிப்பேர்னு சொல்லித் தொலை" என்று கத்தினேன்.

"ஊரான் வீட்டுக்கெல்லாம் செஞ்சேன். பெத்த பொண்ணுக்கு முடியாதுன்னா எப்படி? ஆடாம நில்லு. அவர் கை இன்னும் கொஞ்சம் கனமா இருக்கும். பரவால்ல."

எப்போதும் அரை நாளில் முடிகிற வேலைக்கு நான்கு நாள் எடுத்துக்கொண்டார். முடிந்ததும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அந்தப் பாவி சாந்தமாக நின்றிருந்தான். பக்கத்தில் அக்கா. தாடையில் தழும்பு அப்படியே இருந்தது.

"இத எடுக்கலையா?"

"வேணும்னுதான் விட்டேன். அவர் இருக்கற படத்துல அதுவும் இருக்கட்டும்."

மகள் வந்தாள். அப்பாவின் முகத்தைத் தொட்டுத் தொட்டு அழுதாள். பிறகு விரல் நகர்ந்தது.

"அம்மா, தழும்ப எடுக்க மறந்துட்டியே."

"மறக்கல. நான் குழாயடியில விழலடி. உங்கப்பா கதவுல வச்சு மோதினார்."

இருபத்திரண்டு வருடம் பொத்திவைத்ததை அக்கா ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, மகள் தன் முகத்தைப் பார்க்கமாட்டாளா என்று காத்திருந்தார். அவள் படத்தைத்தான் பார்த்தாள்.

"இப்ப எதுக்கும்மா இத சொல்ற? அவரே இல்ல. அவரால வந்து பதில் சொல்ல முடியுமா?"

படத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, அந்தப் பெண்ணைச் சின்ன வயதில் தூக்கி வளர்த்த கையே அறையத் துடித்தது.

நான்கு மாதம் கழித்து விருந்துக்கு அழைத்தாள். அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு போனார். கூடத்துச் சுவரில் படம் பெரிதாக மாட்டியிருந்தது. அக்காவின் தாடை வழுவழுவென்று இருந்தது. வேறு ஏதோ கடையில் கொடுத்துத் தழும்பை எடுத்திருக்கிறாள்.

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தார். ஏதாவது பேசுவார், இல்லை படத்தைக் கழற்றிக் கீழே போடுவார் என்று நினைத்தேன்.

"வேலை சுத்தமா இருக்கு" என்றார். "யார் செஞ்சதுன்னு கேக்கணும்."

படத்தில் அவர் தோளில் அந்தக் கை மட்டும் போட்டபடியே கிடந்தது. அது என் கை. நான் அதைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன். உள்ளேயிருந்து மகள், "உக்காருங்க மாமா, சாப்பாடு எடுத்து வைக்கிறேன்" என்றாள்.