திங்கட்கிழமை எடுத்த பலகை

தாம்பரம் தாண்டி நாங்கள் குடியிருந்த தெருவில் எங்கள் பக்கம் நகராட்சி, எதிர்ப்பக்கம் ஊராட்சி. தெருவோரக் கால்வாயை இருவருமே தங்களுடையது இல்லை என்றார்கள். அதன் சிமெண்ட் மூடி ஒன்று உடைந்து, ஆள் இறங்கும் அளவுக்குத் திறந்து கிடந்தது. தொண்ணூறுகளின் தொடக்கம் அது.

தெருவில் மனு எழுதுகிறவள் நான்தான். நகராட்சி, ஊராட்சியைக் கேட்கச் சொன்னது. தெருவிளக்கும் குடிநீரும்தான் தன் பொறுப்பு, கால்வாய் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துடையது என்றார் ஊராட்சித் தலைவர். ஒன்றியத்துக்கும் எழுதினேன். ஒப்புகை அட்டைகளைக் கோப்பில் வரிசையாகச் செருகிவைத்ததில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

இதற்குள் எதிர்வீட்டுக் கொத்தனார் சென்ட்ரிங் பலகை ஒன்றைக் கொண்டுவந்து அந்தத் திறப்பின் மேல் போட்டுவிட்டார்.

திங்கட்கிழமை ஓவர்சியர் பார்வையிட வருவார் என்று ஒன்றியத்திலிருந்து கடிதம் வந்தது. அன்று காலை வேலைக்குக் கிளம்பும்போது கொத்தனாரிடம் பலகையை எடுக்கச் சொன்னேன். மூடியிருப்பதைப் பார்த்தால் அவசரமில்லை என்று எழுதிவிடுவார் என்று பயந்தேன்.

“யார்து கால்வான்னு அவங்க அப்பால பேசிக்கட்டும்கா. புள்ளைங்க நடக்குற எடம்,” என்றார்.

“அவர் கண்ணால பார்த்தாதான் வேலை நடக்கும். சாயங்காலம் நானே வந்து போட்டுடறேன்.”

“படிச்சவங்க சொல்றீங்க,” என்று பலகையைத் தூக்கிச் சுவரில் சாத்தினார்.

ஓவர்சியர் வரவில்லை. மதியம் மழை பிடித்துக்கொண்டது, என் ரயில் தாமதமானது. தெருவில் நின்ற தண்ணீரில் திறப்பு தெரியவில்லை. பள்ளி விட்டு வந்த என் மகள் கால்வாய்க்குள் போய்விட்டாள். எட்டு வயது. முதுகுப்பை விளிம்பில் மாட்டியதால் கழுத்தளவில் நின்றிருக்கிறாள். கொத்தனாரின் மனைவிதான் இழுத்துப் போட்டிருக்கிறார்.

நான் வந்தபோது அவர்கள் வீட்டில், அவர்களுடைய சேலையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முழங்கால் கிழிந்திருந்தது. கொத்தனார் பலகையைப் பழையபடி போட்டிருந்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

பத்து வருடம் ஓடிவிட்டது; இப்போது அவள் கல்லூரியில் படிக்கிறாள். மழை தொடங்கினால் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடப்பேன். அவள் சிரிப்பாள். தோழிகளிடம் முழங்கால் தழும்பைக் காட்டிக் கதை சொல்லுவாள்.

“மூணு ஆபீஸ் சேர்ந்து என்னைத் தள்ளிவிட்டது. பாவம், எங்கம்மா எத்தனை மனு போட்டாங்க தெரியுமா?”

காபி டம்ளர்களோடு நின்றுகொண்டிருப்பேன். அந்தப் பலகையைப் பற்றி இன்றும் அவளிடம் சொல்லவில்லை.